வீட்டில் பட்டாசுச் சரக்கு: உரிமம் ஆளுக்கு மட்டுமல்ல, இடத்துக்கும்தான்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் தீபாவளிச் சீட்டு நோட்டில் கடைசித் தவணைகள் வசூலாகும். சீட்டுச் சேர்ந்தவர்களுக்கு இனிப்பு, எண்ணெய், மளிகைச் சாமான் இவற்றோடு ஒரு பெட்டிப் பட்டாசும் கொடுப்பது நம் பகுதியில் பல மளிகைக் கடைக்காரர்களின் வழக்கம். மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவில், தாராபுரம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நிலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போனஸ் போட்டதும் ஊருக்கு வருகிறவர்கள் கையில் காசு இருக்கும். அந்த ஒரு வாரத்து வியாபாரத்தை விட்டுவிட எந்த வியாபாரிக்கும் மனம் வராது.

இந்தப் பட்டாசுப் பெட்டிகள் சிவகாசியிலிருந்து வந்து இறங்குகிற நாளுக்கும் வாடிக்கையாளர் கைக்குப் போகிற நாளுக்கும் இடையில் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் வீட்டில்தான். முன்னால் கடை, பின்னால் வீடு என்பதே நம் ஊர்க் கட்டட அமைப்பு. நடையிலும் மாடிப்படிக்குக் கீழும் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. "நம்ம வீடுதானே, நாலு நாள்தானே" என்று நினைக்கிறோம். பட்டாசு விற்க உரிமம் வைத்திருப்பவர்களிலும் சிலர், கடைக்குக் கொள்ளாத சரக்கை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது, மளிகைக் கடைக்காரர் என்ன செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி சொல்வது என்ன?

பட்டாசு வியாபாரம் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. அதன்கீழ் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வகுக்கப்பட்டன. சில்லறைப் பட்டாசுக் கடைக்கான உரிமம் எல்.இ.-5 என்ற படிவத்தில் வழங்கப்படுகிறது. நம் போன்ற ஊர்களுக்கு இதற்கான மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். உரிமத்தில் மூன்று விவரங்கள் இருக்கும். யார் விற்பது, எந்த இடத்தில் விற்பது, எவ்வளவு சரக்கு வைத்திருப்பது. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் உரிமம் உதவாது. கடைக்கு வாங்கிய உரிமத்தைக் காட்டி வீட்டில் வைத்த சரக்குக்கு நியாயம் சொல்ல முடியாது.

நிரந்தரக் கடைக்கு 83-வது விதி சொல்லும் முக்கிய நிபந்தனைகள் இவை:

1. கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

2. தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். கட்டடத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து தீயைத் தாங்கும் உறுதியான சுவரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். தனி வாசலும் அவசர வழியும் வேண்டும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்.

3. நிலவறையில் இருக்கக் கூடாது. மேல்மாடியில் குடியிருப்பு இருந்தால் அதன் கீழே கடை கூடாது. மாடிப்படி, லிப்ட் ஆகியவற்றின் கீழும் அருகிலும் கூடாது.

4. மற்றொரு பட்டாசுக் கடையிலிருந்தும், எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் வைத்துள்ள இடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

5. மின் ஒயர்கள் குழாய்க்குள் பாதுகாப்பாகப் போக வேண்டும். மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே, உடனே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கு 84-வது விதி. கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும். வீடு, பள்ளி, கோயில் போன்ற இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கடைகள் எதிரெதிராக முகம் பார்க்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. மின்விளக்கை ஒயரில் தொங்கவிடக் கூடாது. சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். ஓர் இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கடையிலிருந்து 50 மீட்டருக்குள் பட்டாசு வெடித்துக் காட்டக் கூடாது.

இவற்றைப் படித்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். வீட்டில் பட்டாசு விற்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை. நம் வீடுகளில் எதுவும் இந்த நிபந்தனைகளில் பாதியைக்கூட நிறைவேற்றாது.

நிபந்தனைகளுக்குக் காரணம்

பட்டாசு மருந்தில் பொட்டாசியம் நைட்ரேட் எனும் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவை கலந்திருக்கின்றன. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் காற்றுக் கிடைக்காமல் அணைந்துவிடும். பட்டாசு மருந்துக்கு வெளிக்காற்று தேவையில்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பே கொடுத்துவிடுகிறது. ஆகவே சாக்கைப் போட்டு மூடினாலும் அது உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது அடைப்பு. திறந்த வெளியில் ஒரு பெட்டி தீப்பிடித்தால் சடசடவென்று வெடித்து முடியும். அதே பெட்டி மற்ற ஐம்பது பெட்டிகளோடு பூட்டிய அறைக்குள் இருந்தால், வெளியேற வழியில்லாத சூடும் புகையும் சுவரையே தள்ளிக்கொண்டு வெளியே வரும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதற்கும், அறை அளவுக்கு வரம்பு வைத்ததற்கும், தலைக்கு மேல் குடியிருப்புக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். மாடிப்படிக்குக் கீழே சரக்கு இருந்தால், மேலே இருப்பவர்கள் இறங்கி ஓட இருக்கும் ஒரே வழி அடைபட்டுப் போகும்.

மளிகைக் கடை என்பதால் நமக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. சூடம், தீப்பெட்டி, எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி ஆகியவை நம் கடையில் எப்போதும் இருப்பவை. பின்னால் வீட்டுச் சமையல் அறையில் கேஸ் சிலிண்டர். பட்டாசுக்கும் இவற்றுக்கும் இடையில் 15 மீட்டர் விட நம்மில் யாருக்கு இடம் இருக்கிறது?

கண்முன் நடந்தவை

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் 2022 டிசம்பர் 31-ஆம் தேதி விடிவதற்கு முன் ஒரு வீட்டில் வெடி விபத்து நடந்தது. பட்டாசுக் கடை நடத்தி வந்தவரின் வீடு அது. புத்தாண்டு விற்பனைக்கான சரக்கை வீட்டில் வைத்திருந்தார். அவரும், அவர் குடும்பத்தாரும், பக்கத்து வீட்டுப் பெண்மணியுமாக 4 பேர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமடைந்தன. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வியாபாரத்தில் ஒரு ரூபாய் இலாபம் இல்லை. ஆனால் நஷ்டத்தில் பங்கு கிடைத்தது.

நம் மாவட்டத் தலைநகரிலேயே 2024 அக்டோபர் 8-ஆம் தேதி, திருப்பூர் பாண்டியன் நகர்ப் பகுதியில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. கோயில் விழாக்களுக்கான நாட்டு வெடிகளை அனுமதியின்றி அங்கே தயாரித்ததாகப் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வீடுகள் நெருக்கமாக உள்ள தெரு அது.

உரிமம் பெற்ற கடைகளிலும் விபத்து நடக்காமல் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26-ஆம் தேதி கடைத்தெருவில் பட்டாசுக் கடை தீப்பிடித்து, பக்கத்துப் பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் வெடித்ததில் 5 பேருக்கு மேல் இறந்தனர். ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் 2023 அக்டோபர் 7-ஆம் தேதி பட்டாசுக் கடையோடு சேர்ந்த குடோனில் நடந்த தீவிபத்தில் 14 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களில் பலர் தீபாவளி வேலைக்காக நம் மாநிலத்திலிருந்து போன இளைஞர்கள். இடமும் இடைவெளியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

துப்பாக்கி வியாபாரத்தில் இதே கேள்வி

உரிமம் ஆளைப் பார்த்துக் கொடுப்பதா, இடத்தைப் பார்த்துக் கொடுப்பதா என்ற கேள்வி பட்டாசுக்கு மட்டும் வந்தது அல்ல. துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிறவர்கள் விஷயத்தில் உலகம் இதை நன்றாகவே பார்த்திருக்கிறது. அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி விற்கத் தனி உரிமம் வேண்டும். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயியின் உரிமம் வேறு, அதை விற்கும் வியாபாரியின் உரிமம் வேறு. வியாபாரியின் உரிமத்தில் கடை இருக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே நம் ஊர்ப்பக்கம் துப்பாக்கிக் கடை என்றால் பெரிய நகரத்தில் பெயர்ப்பலகையோடு உள்ள கடைதான். வீட்டில் வைத்து விற்கிறவர் என்று யாரையும் நாம் கேள்விப்படுவதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி வியாபாரிகளுக்கு மத்திய அரசு உரிமம் வழங்கியது. கட்டணம் ஆண்டுக்கு 10 டாலர்தான். கடை இல்லாதவர்களும் வீட்டு முகவரியிலேயே உரிமம் வாங்கினார்கள். சமையலறை மேசையில் வைத்து விற்பவர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. இவர்களில் நேர்மையாகச் சிறு வியாபாரம் செய்தவர்கள் உண்டு. மொத்த விலையில் தமக்கே வாங்கிக்கொள்ள உரிமம் எடுத்தவர்களும் ஏராளம். நம் ஊரில் சொந்த வீட்டுச் சாமானை மொத்த விலைக்கு வாங்குவதற்காக ஒருவர் கடைப் பெயரில் பில் போடச் சொல்வதைப் போலத்தான். கள்ளத்தனமாக வெளியே விட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டார்கள். 1994-இல் சில்லறை வியாபாரிகளின் உரிமம் மட்டும் சுமார் 2,45,000 இருந்தது. இத்தனை வீடுகளையும் போய்ப் பார்க்க அங்கே அதிகாரிகள் இல்லை.

1993-லும் 1994-லும் சட்டத்தை இறுக்கினார்கள். முதல் 3 ஆண்டுக்கான கட்டணம் 200 டாலர் ஆனது. புகைப்படமும் கைரேகையும் கேட்டார்கள். மனுதாரர் தமது வியாபாரம் உள்ளூர்ச் சட்டங்களுக்கு உட்பட்டது என்று உறுதி கொடுக்க வேண்டும் என்றார்கள். உள்ளூர்ச் சட்டங்களில், குடியிருப்புப் பகுதியில் என்ன வியாபாரம் செய்யலாம் என்ற விதிகளும் அடக்கம். சுமார் பத்து ஆண்டுகளில் அந்த உரிமங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 55,000-ஆகக் குறைந்துவிட்டது. உள்ளூர் விதி இடம் கொடுக்கும் ஊர்களில் இன்றும் வீட்டிலிருந்து துப்பாக்கி விற்கிறவர்கள் அங்கே உண்டு. ஆனால் வீட்டையே வியாபார இடமாகக் காட்டியவர், அதிகாரி சோதனைக்கு வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். வீடு என்ற மறைவு அவருக்கு இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, உரிமத்தை இடம் பார்க்காமல் எளிதாகக் கொடுத்தால், நேர்மையான வியாபாரியும் மற்றவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். பின்னால் சட்டம் இறுகும்போது நேர்மையானவரும் சேர்ந்தே அடிபடுகிறார். இரண்டாவது, ஆபத்தான பொருளை வீட்டில் வைத்து விற்பதில் கேள்வி விற்பவரின் யோக்கியதையைப் பற்றியது மட்டும் அல்ல. பக்கத்தில் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் அவரை ஆபத்தில் கூட்டுச் சேர்ப்பது பற்றியதும்தான்.

உணவுப் பொருள் விற்கும் நமக்கு இது புதிய தத்துவம் அல்ல. 1958-இல் கேரளத்தில், கப்பலில் பூச்சிமருந்தோடு சேர்ந்து வந்த கோதுமை மாவில் விஷம் கலந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருள் விற்கும் அதே கட்டடத்தில் வயல் பூச்சிமருந்தை விற்கக் கூடாது என்று அதன் விதி சொல்கிறது. அன்று அதை இடைஞ்சல் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று எந்த மளிகைக் கடைக்காரரும் அரிசி மூட்டை பக்கத்தில் பூச்சிமருந்தை வைக்கத் துணியமாட்டார்.

மாட்டிக்கொண்டால்

அனுமதியின்றிப் பட்டாசு வைத்திருப்பதும் விற்பதும் வெடிபொருள் சட்டம் 9-பி பிரிவுப்படி சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். விபத்து நடந்து உயிர் போனால் வழக்கு வேறு. 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. மளிகைச் சரக்கு என்று எழுதிக் கொடுத்துத் தீ இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். உள்ளே தெரிவிக்காத பட்டாசு இருந்து தீப்பிடித்தால், கம்பெனி நஷ்ட ஈட்டை மறுக்க வழி உண்டு. அரிசியும் பருப்பும் எண்ணெயும் போய், கட்டடமும் போய், பாங்கிக் கடன் மட்டும் மிஞ்சும். பட்டாசில் வரும் ஒரு வார இலாபத்துக்காக முப்பது வருடக் கடையைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து வீட்டிலிருந்து பார்சல் கொடுக்கும் புதிய வழக்கமும் வந்திருக்கிறது. இணையதளங்கள் வழியாகப் பட்டாசு விற்கக் கூடாது என்று 23-10-2018 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. செல்போனில் நடந்தால் வியாபாரம் கண்ணில் படாது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தச் செய்திகளே பின்னால் சாட்சியாக நிற்கும்.

நம் பக்கத்துக் குறை

இத்தனையும் சொன்ன பிறகு வியாபாரிகளின் நியாயமான குறையையும் சொல்ல வேண்டும். தற்காலிகக் கடைக்கு மனுச் செய்கிறவர் கட்டட வரைபடம், இடத்துக்கான ஆதாரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, கட்டணம் செலுத்திய சலான் எல்லாம் கொடுக்க வேண்டும். பிறகு வருவாய்த்துறை, போலீஸ், தீயணைப்புத்துறை, உள்ளாட்சி என்று ஒவ்வோர் இடத்திலும் அறிக்கை வர வேண்டும். அனுமதி கைக்கு வரும்போது பண்டிகைக்குச் சில நாட்களே இருந்தால், அதற்குள் சரக்கை எங்கே இறக்குவது? வீட்டில் இறக்கும் பழக்கத்துக்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். 50 மீட்டர் தள்ளிக் காலி இடம் வேண்டும் என்பது சட்டத்தில் சரி. ஆனால் ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் தனியாக அப்படி ஓர் இடத்தைப் பிடித்துக் கொட்டகை போட்டால் செலவுக்கே விற்பனை பற்றாது. விதி தேவையானதுதான். அதை நிறைவேற்றும் வழியைச் சிறு வியாபாரிக்கும் எட்டும்படி செய்ய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

செய்யத்தக்கவை

1. சீட்டுக்குப் பட்டாசுப் பெட்டியைக் கையில் கொடுப்பதை விட்டுவிடலாம். உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவரோடு பேசி, சீட்டுக்காரருக்கு அந்தக் கடையில் இவ்வளவு தொகைக்குப் பட்டாசு பெற்றுக்கொள்ளும் துண்டுச்சீட்டுக் கொடுக்கலாம். நமக்குக் கமிஷன் கிடைக்கும். சரக்கு நம் வாசலுக்கே வராது.

2. பட்டாசே வேண்டாம் என்றால், அந்தத் தொகைக்கு எண்ணெயோ பாத்திரமோ கூடுதல் மளிகையோ கொடுக்கலாம். சீட்டு ஆரம்பிக்கும்போதே அட்டையில் இதை அச்சடித்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

3. விற்றே தீர வேண்டும் என்பவர்கள் சேர்ந்து மனுச் செய்வது நல்லது. ஊருக்கு வெளியே ஒரு பொது இடத்தை வாடகைக்கு எடுத்து, 84-வது விதிப்படி இடைவெளி விட்டு, தண்ணீர் டிரம், மணல் வாளி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும்.

4. உரிமம் உள்ளவர்கள், உரிமத்தில் எழுதிய கிலோ அளவுக்குத் தக்கபடி சரக்கைத் தவணை முறையில் வரவழைக்க வேண்டும். முழுச் சரக்கையும் ஒரே லோடில் இறக்கினால் மிச்சமாகும் வண்டி வாடகைதான் வீட்டுக்குள் பெட்டி வருவதற்கு வழி திறக்கிறது.

5. விற்காமல் நின்ற சரக்கை அடுத்த வருடத்துக்கு என்று பரண்மேல் போடக் கூடாது. கொடுத்த மொத்த வியாபாரியிடமே திருப்பி எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மொத்த வியாபாரிகளான நாமும், உரிமத்தைப் பார்க்காமல் யாருக்கும் சரக்குப் போடக் கூடாது. வீட்டு முகவரிக்குப் பட்டாசு பில் போடுவது வாங்குகிறவருக்கு நாமே ஆபத்தை அனுப்பி வைப்பதாகும்.

6. பட்டாசுப் பெட்டியை ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவர அனுமதி கிடையாது. மளிகைச் சாமானோடு மறைத்து வைத்து வேனில் ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும்.

சங்கங்களின் பங்கு இதில் பெரிது. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே உறுப்பினர்களின் மனுக்களைச் சேர்த்து ஒரே நாளில் கொடுக்கலாம். அனுமதி குறைந்தது 15 நாள் முன்னதாகக் கிடைக்க வேண்டும் என்று ஆட்சியரிடம் கோரலாம். பொது இடம் ஒதுக்கித் தரும்படி பேரூராட்சியைக் கேட்கலாம். தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஒரு செயல்விளக்கம் நடத்தலாம். தனி ஒருவராகப் போய்க் கேட்டால் கிடைக்காதது பத்துக் கடைக்காரர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

வரும் தீபாவளிக்குச் சரக்கு ஆர்டர் கொடுக்கும் முன், உரிமம் யார் பெயரில், எந்த இடத்துக்கு, எத்தனை கிலோவுக்கு என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் பட்டாசு ஆர்டரை இப்போதே நிறுத்திவிட்டு, மேலே சொன்ன துண்டுச்சீட்டு முறைக்கு மாறிக்கொள்வது நல்லது.